வருமான வரி இல்லாத ஊரில் வரும் வரிச்சீட்டு

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் பிறந்தநாள் விருந்துகளில், சாப்பாடு முடிந்து காபி வரும் நேரத்தில் பேச்சு எப்படியோ டெக்சஸ் பக்கம் திரும்பிவிடும். "அங்கே ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாதாம். இங்கே ரெண்டு பெட்ரூம் கொடுக்கிற விலைக்கு அங்கே அஞ்சு பெட்ரூமாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது அன்றிரவே ஃப்ரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி என்று வீட்டு விலைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மூன்று ஊர்களும் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ டாலஸுக்கு வடக்கே உள்ள காலின் கவுண்டியைச் சேர்ந்தவை. 2010 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 7,82,341 பேர் இருந்தார்கள். 2020இல் 10,64,465. பத்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. வந்தவர்களில் தனி ஆட்கள் மட்டுமல்ல, கம்பெனிகளும் உண்டு. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிபோர்னியாவின் டோரன்ஸிலிருந்து பிளேனோவுக்கு மாற்றுவதாக 2014இல் அறிவித்து, 2017இல் புதிய வளாகத்தைத் திறந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் 'போவதா, இருப்பதா' என்று சமையலறை மேசையில் கணக்குப் போட்டார்கள். இன்று சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் போடுவதும் அதே கணக்குதான்.

விருந்தில் சொன்னது பொய்யில்லை. டெக்சஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. இனிமேலும் எளிதில் வந்துவிடாதபடி 2019இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்திலேயே தடை எழுதிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே? கலிபோர்னியா சம்பளத்தில் பிடிப்பதை டெக்சஸ் வீட்டின் மேல் போட்டு வாங்குகிறது. எந்தக் குடும்பத்துக்கு எது லாபம் என்பது சம்பளம் எவ்வளவு, வீடு எவ்வளவு, எத்தனை வருடம் இருக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு முக்கிய வித்தியாசம், மேலிருந்து நியமிக்கப்படும் கலெக்டர் அங்கே கிடையாது. டெக்சஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஷெரீஃப் முதல் வரி வசூலிப்பவர் வரை மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். நிர்வாகத் தலைவருக்குப் பெயர் 'கவுண்டி ஜட்ஜ்'. பெரிய கவுண்டிகளில் அவர் தீர்ப்புச் சொல்வதைவிடப் பட்ஜெட் போடுவதுதான் அதிகம். வீட்டுக்கு வரும் வரிச்சீட்டிலோ கவுண்டியின் பங்கு மிகச் சின்னது. காலினில் அது மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. மிச்சத்தை நகரமும் சமுதாயக் கல்லூரியும் பிரித்துக்கொள்கின்றன.

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஃப்ரிஸ்கோ என்ற ஒரே ஊரின் கிழக்குப் பகுதி காலின் கவுண்டியிலும் மேற்குப் பகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. பள்ளி மாவட்ட எல்லைகளோ ஊர் எல்லையோடும் சேராது, கவுண்டி எல்லையோடும் சேராது. ஃப்ரிஸ்கோ முகவரி உள்ள வீட்டுப் பிள்ளை பக்கத்து ஊரான பிராஸ்பரின் பள்ளி மாவட்டத்தில் படிக்கலாம். ஆக, 'ஃப்ரிஸ்கோவில் வரி எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தெரு, எந்த மனை என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 2,00,000 டாலர் சம்பாதிக்கிறார்கள், சான்டா கிளாராவில் வாடகைக்கு இருக்கிறார்கள். கலிபோர்னியா வருமான வரி அவர்களுக்குச் சுமார் 10,000 டாலர் வரும். சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. என்ற பெயரில் பிடிக்கும் ஊனமுற்றோர் காப்பீட்டு வரி 2025இல் 1.2 சதவீதம், அதாவது இன்னொரு 2,400. ஆக 12,400 டாலர். டெக்சஸ் போனால் இந்த இரண்டும் மிச்சம்.

இப்போது அவர்கள் காலின் கவுண்டியில் 6,00,000 டாலருக்கு வீடு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா அமைப்புகளின் வரியும் சேர்ந்து 1.7 சதவீதம் என்றால் 10,200 டாலர். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' விலக்கு உண்டு. பள்ளி வரிக் கணக்கில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். 2023இல் 1,00,000 ஆக இருந்த இந்தத் தொகை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் உயர்ந்தது. அதில் 1,400 டாலர் குறைந்து வரி 8,800க்கு வந்து நிற்கும். வீட்டுக் காப்பீடு ஆண்டுக்கு 4,000 டாலர் என்பது அந்தப் பக்கத்தில் சாதாரணம். கூட்டினால் 12,800. மிச்சம் பிடித்த 12,400 அப்படியே போய்விட்டது, கையிலிருந்து இன்னும் 400 போட வேண்டும்!

இது டெக்சஸைக் குறை சொல்லும் கணக்கு அல்ல. வாடகை கொடுத்தவர்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், அதே வீட்டுக்குச் சான்டா கிளாராவில் 15, 20 லட்சம் டாலர் கேட்பார்கள். ஆனால் 'வரி மிச்சமாகும், அதை வைத்து வீட்டுக்கடனை அடைக்கலாம்' என்ற நினைப்போடு போகிறவர்களுக்கு அந்த மிச்சம் கண்ணில் படாது. அதே வீட்டுக்கு 4,80,000 டாலர் கடன் 6.5 சதவீத வட்டியில் எடுத்தால், அசலும் வட்டியும் மட்டும் மாதம் 3,034 டாலர்.

சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்குக் கணக்கு இன்னும் மோசம். கலிபோர்னியாவின் வருமான வரி 1 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, பெரும் பணக்காரர்களுக்கு 13.3 வரை போவது. இரண்டு பிள்ளைகளோடு 80,000 டாலரில் குடும்பம் நடத்துகிறவர் அங்கே கட்டும் மாநில வருமான வரி சில நூறு டாலருக்குள் அடங்கிவிடும். அவருக்கு டெக்சஸ் தரும் வரிச் சலுகை என்று சொல்ல அதிகம் ஏதுமில்லை. வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரரின் சொத்து வரி வாடகைக்குள் ஒளிந்து வரும். ஐந்து லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதிக்கோ லாபம் வெளிப்படை. விருந்தில் உரக்கப் பேசுகிறவர் எந்தச் சம்பளப் படியில் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

புது வீடு வாங்கியவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு கடிதம் வரும். டெக்சஸில் சொத்து வரிக்கு ஜனவரி 1 அன்று மனை எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு. ஆகஸ்டில் கட்டி முடித்த வீட்டுக்கு, அந்த வருட ஜனவரியில் வெறும் காலி மனைதான் இருந்தது. எனவே முதல் வருட வரி நிலத்துக்கு மட்டும். நிலத்தின் மதிப்பு 1,30,000 என்றால் வரி 2,210 டாலர். மாதத் தவணையோடு சேர்த்து வரிக்கும் காப்பீட்டுக்கும் பணம் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில், பல கடன் நிறுவனங்கள் இந்தச் சிறிய தொகையை வைத்தே மாதம் 184 டாலர் என்று போட்டுவிடுகின்றன. அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் 8,800 டாலர் சீட்டு வருகிறது. நிறுவனம் வரியைக் கட்டிவிட்டு, குறைந்த 6,590 டாலரைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கேட்கும். அதோடு வரும் வருட வரிக்கான மாதத் தொகை 733 டாலரும் சேர, 184 கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மாதம் 1,282 டாலர் கட்ட வேண்டும். இதில் மோசடி ஏதுமில்லை. எல்லாம் சட்டப்படி. ஆனால் வீட்டைக் காட்டிய விற்பனையாளர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நகர எல்லைக்கு வெளியே, சோளக்காட்டை அழித்து எழும் புதிய குடியிருப்புகளில் இன்னொரு வரி சேரும். தண்ணீர்க் குழாய், சாக்கடை, வடிகால் போட்ட கடனை அங்கே குடியேறுகிறவர்களிடமே வசூலிக்கும் அமைப்பு அது. சுருக்கமாக 'மட்' என்பார்கள். அது சேர்ந்து மொத்த விகிதம் 2.5 சதவீதத்தைத் தொட்டால், நம் கணக்கிலுள்ள 8,800 டாலர் 13,600 ஆகும். வீட்டு விலை ஊரைவிட்டுத் தள்ளிப்போகப் போகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். விலையில் குறைந்தது வரியில் வந்துவிடும்.

ஒரு ஆறுதல், மதிப்பீட்டை எதிர்த்து முறையிடலாம். பொதுவாக மே 15 கெடு. டெக்சஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதைப் பதிவேட்டில் வெளியிட வேண்டியதில்லை. அதனால் மதிப்பீட்டு அலுவலகம் போடுவது ஒரு ஊகம்தான். விரிசல் விட்ட சுவரின் படங்கள், பழுது பார்க்கக் கேட்ட தொகை, பக்கத்து வீடுகளின் மதிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ச் சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்திருக்கும் குழு முன் வாதாடுவது அங்கே வருடாந்தரச் சடங்கு.

கலிபோர்னியாவில் அந்தச் சடங்குக்கு அவ்வளவு தேவையில்லை. 1978 ஜூனில் ஹோவர்ட் ஜார்விஸ் முன்னின்று நடத்திய இயக்கத்தால் நிறைவேறிய 'பிரபோசிஷன் 13' காரணம். அடிப்படை வரி வாங்கிய விலையில் 1 சதவீதம். அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினால்தான் புது விலைக்குக் கணக்கு மாறும். உள்ளூர்க் கூடுதல்கள் சேர்த்து 1.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1998இல் 4,00,000 டாலருக்கு வாங்கியவரின் வரிக் கணக்கில் 2025இல் வீட்டின் மதிப்பு அதிகபட்சம் 6,83,000. வரி 8,200 டாலர். அதே தெருவில் அதே மாதிரி வீட்டை இப்போது 20 லட்சத்துக்கு வாங்கியவர் 24,000 கட்டுகிறார். இது நியாயமா என்று அந்த மாநிலத்தில் நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. பழைய வீட்டுக்காரர் அதை விற்றுவிட்டு டெக்சஸ் போனால் அந்தச் சலுகையை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். மனம் மாறித் திரும்பினால் பொதுவாக அன்றைய விலைக்குத்தான் வரி. 2020, 2021இல் 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் கடன் வாங்கியவர்கள் அந்த வட்டியையும் சேர்த்தே விடுகிறார்கள்.

போன பிறகும் கலிபோர்னியா உடனே கையை விடாது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் தரும் பங்குகள் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒதுக்கப்பட்டவை என்றால், டெக்சஸ் போன பிறகு கைக்கு வந்தாலும் ஒரு பகுதிக்குக் கலிபோர்னியா வரி கேட்கும். விசாவில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எச்-1பி விசாவில் உள்ளவர் வேறு பெருநகர வட்டாரத்துக்கு வேலை இடத்தை மாற்றினால், கம்பெனி முன்கூட்டியே திருத்த மனு போட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்றாலும் இதே விதிதான். வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். முப்பது வருடக் கடனை அந்த 60 நாளோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வரியாவது சீட்டில் எழுதி வருகிறது. ஆபத்துக்குச் சீட்டு கிடையாது, அது காப்பீட்டுக் கட்டணத்திலும் காப்பீடு தராத தொகையிலும் வந்து சேரும்.

வட டெக்சஸில் முதல் எதிரி ஆலங்கட்டி மழை. வசந்த காலத்தில் கோல்ஃப் பந்து அளவுக் கட்டிகள் பத்து நிமிடம் விழுந்தால் ஒரு குடியிருப்பின் கூரைகள் மொத்தமும் போய்விடும். மறுநாள் காலையில் கூரை போடுகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவர் பாலிசியை அப்போதுதான் பிரித்துப் படிப்பார். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்குத் தாமே ஏற்க வேண்டிய தொகை காப்பீட்டு மதிப்பில் 2 சதவீதம் என்று போட்டிருக்கும். 5,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் முதல் 10,000 டாலர் சொந்தப் பணம். 'அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கட்ட வேண்டாம்' என்று சொல்லும் கூரைக்காரரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2019 முதல் டெக்சஸில் அது சட்டவிரோதம்.

இரண்டாவது எதிரி கீழே இருக்கிறது. டாலஸ் வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை: மழையில் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் 'ஹூஸ்டன் பிளாக்' என்ற வகைதான் டெக்சஸின் மாநில மண். அதன்மேல் தரையோடு தரையாகக் கான்கிரீட் பலகை போட்டு வீட்டை எழுப்புகிறார்கள். கோடையில் மண் சுருங்கி ஒரு பக்கம் இறங்கினால், கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும், ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். அதைத் தடுக்க வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் பதித்து அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். செடிக்கு விடுவதாக நினைத்துப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பதுண்டு. மண் நகர்ந்து அஸ்திவாரம் உடைந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் கடும் பனி வந்தபோது மாநிலத்தின் மின் வலைப்பின்னல் சரிந்து, 45 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள்.

வெள்ளம் காலினைவிடத் தெற்கே கொடியது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் சுமார் 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. அவற்றில் 70,000க்கு மேற்பட்டவை '500 ஆண்டு வெள்ள வரம்பு' என்று வரைபடத்தில் போட்ட கோட்டுக்கும் வெளியே இருந்தவை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களின் மேல்பக்கத்தில், தேக்கம் நிரம்பினால் தண்ணீர் நிற்கக்கூடிய இடத்திலேயே குடியிருப்புகள் எழுந்திருந்தன. அங்கே வீடு வாங்கிய பலருக்குத் தாங்கள் நீர்த்தேக்கத்துக்குள் குடியிருப்பதே ஹார்வி வந்த பிறகுதான் தெரிந்தது.

'100 ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது வருடக் கடன் முடிவதற்குள் அது ஒரு முறையாவது வர நான்கில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு உண்டு. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது, தனியாக எடுக்க வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரைதான் தரும். எடுத்த பிறகு 30 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் அமலுக்கு வரும். புயல் செய்தி வந்த பிறகு எடுத்தால் பயனில்லை.

இதையெல்லாம் படித்துக் கலிபோர்னியாவே பாதுகாப்பு என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். 1989 அக்டோபரில் லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் 63 பேர் இறந்தார்கள். அதன் மையம் சான்டா கிளாராவுக்குப் பக்கத்து மலைகளில்தான். வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கமும் அடங்காது. 2018இல் பியூட் கவுண்டியின் பாரடைஸ் ஊர் காட்டுத்தீயில் ஏறக்குறைய முழுசாக எரிந்து 85 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடுகளை ஏற்பதை நிறுத்தியது. மலையோரத்தில் வீடு வாங்கி வேறு யாரும் காப்பீடு தராதவர்களுக்குக் கடைசிப் புகலாக இருப்பது 'ஃபேர் பிளான்'. அதன் கட்டணம் அதிகம், பாதுகாப்பு குறைவு.

இத்தனை கணக்குக்குப் பிறகும் காலின் கவுண்டி பலருக்கு நல்ல இடம்தான்: நல்ல சம்பளம், வாடகையில் இருப்பு, இளம் பிள்ளைகள், பத்து வருடமாவது தங்கும் எண்ணம் உள்ள குடும்பத்துக்கு. 1998இல் வாங்கிய வீட்டில் நிம்மதியாக இருக்கும் தம்பதிக்கு அல்ல. சம்பளம் நடுத்தரமாக இருந்து, 'வரி இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பும் குடும்பத்துக்கும் அல்ல.

போவது என்று முடிவு செய்தவர்களுக்கு டெக்சஸ் வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு வசதி இருக்கிறது. சில நூறு டாலர் கட்டணம் கொடுத்து, பேசி ஒத்துக்கொண்ட சில நாட்களை, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளை, 'ஆப்ஷன்' காலமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களைத் திரைச்சீலை நிறம் பார்ப்பதில் செலவழிக்க வேண்டாம். மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த மனைக்கு எந்தெந்த அமைப்புகள் வரி போடுகின்றன என்று பாருங்கள். 'மட்' அறிவிப்பு இருந்தால் படியுங்கள். வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைத் தேடுங்கள். அஸ்திவாரத்தைப் பொறியாளரை வைத்துச் சோதியுங்கள். மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டணத்தையும் ஆலங்கட்டிக்கான சதவீதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கடன் நிறுவனத்திடம் இரண்டாம் வருடத் தவணை எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ஆப்ஷன் காலத்தின் கடைசி நாள் மாலை 5 மணியைத் தாண்டிவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு வழி இல்லாத நிலையில் விலகுகிறவருக்கு முன்பணம் திரும்பாது.